முற்றத்தில் நடக்கும் மலோயா கபார்: முதன்முறை செல்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ உறவினரைக் காணவோ வரும் தமிழர்கள் பலரைச் சிறிய கபார்களுக்கு, அதாவது மலோயா என்னும் இத்தீவின் பாட்டும் ஆட்டமும் நடக்கும் கூடல்களுக்கு, அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்கள் தடுமாறியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருந்தது. சபாவில் கச்சேரி கேட்கும் பழக்கத்தோடு அவர்கள் முற்றத்துக்குள் நுழைந்தார்கள். சபாவில் பாடுபவர் பாடுவார், நாம் கேட்போம். கபாரிலோ ஒருவர் முன்பாட்டு பாடுவார், முற்றத்தில் நிற்கும் எல்லோரும் பின்பாட்டு பாடுவார்கள். அந்தப் பின்பாட்டு எழாவிட்டால் பாட்டே நின்றுவிடும்.

எனவே, அங்கே எப்படி அமர்ந்து கேட்பது என்பதைவிட, எந்த நேரத்தில் எந்த அளவுக்குச் சேர்ந்துகொள்வது என்பதையே புதியவர் கற்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காது, பிறகு வாய், அதன்பின் கை, கடைசியில் கால். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையை ஒட்டியே அமைந்துள்ளன.

1. எந்தக் கூடலுக்குப் போகிறீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

மலோயா ஒலிக்கும் இடங்கள் மூன்று வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் நடைமுறை வேறு என்பதால், இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

முதல் வகை பொது விழா. 1848ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் இத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் அதே நாளில் ஊர்த் திடல்களிலும் கடற்கரைகளிலும் ஒலிபெருக்கி வைத்து நடப்பது. இதற்கு யாரும் போகலாம், எப்போதும் வரலாம்.

இரண்டாம் வகை, ஒரு வீட்டின் முற்றத்திலோ சிறு உணவகத்தின் பின்கட்டிலோ சில பத்துப் பேர் கூடும் கபார். வீட்டு முற்றத்தை இங்கே லக்கூர் என்பார்கள். இந்த வழிகாட்டி இதற்காகவே எழுதப்படுகிறது.

மூன்றாம் வகை, செர்விஸ் கபாரே. இது முன்னோர்களுக்குப் படையலிட்டு, இரவு முழுவதும் பாடி ஆடி நடத்தப்படும் குடும்ப வழிபாடு. இதில் ஒலிப்பதும் மலோயாதான், வாத்தியங்களும் அவையேதான். ஆனால் நம் ஊரில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும் இடத்தில் அந்நியர் எப்படித் தாமாக நுழைய மாட்டாரோ, அப்படியே இங்கும் குடும்பத்தார் நேரில் அழைத்தால் மட்டுமே செல்ல வேண்டும். கபார், கபாரே என்ற இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், அழைப்பு யார் வாய்வழி வந்தாலும் "இது செர்விஸா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2. அழைப்பை முறையாகப் பெறுங்கள்

முற்றத்துக் கபாருக்கு நுழைவுச்சீட்டு பெரும்பாலும் இருக்காது. உடன் வேலை செய்பவர், பக்கத்து வீட்டுக்காரர், கோயிலில் பழகியவர் என யாரோ ஒருவர் வழியாகவே செய்தி வரும். அந்த ஒருவரே அன்றிரவு உங்களுக்குப் பொறுப்பாளி. நீங்கள் செய்யும் தவறு அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

ஆகையால், உங்களோடு வேறு யாராவது வருவதாக இருந்தால் எண்ணிக்கையை முன்னதாகச் சொல்லி அனுமதி பெற வேண்டும். சமைக்கும் அளவும் உட்காரும் இடமும் அதைப் பொறுத்தவை. ஒருமுறை நான் இரண்டு பேருக்கு இடம் கேட்டிருந்த வீட்டுக்கு, அவர்கள் வழியில் அழைத்துக்கொண்ட நண்பர்களோடு ஏழு பேராக வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் ஒரு சொல்லும் சொல்லாமல் எல்லோருக்கும் சோறு போட்டார், தம் பிள்ளைகளைக் கடைசியில் உண்ண வைத்தார். அந்த வீட்டுக்கு மறுபடி யாரையும் அழைத்துச் செல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

3. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே காதைப் பழக்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான். மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவதும் இதுவே.

மலோயாவின் ஓட்டம் மும்மையில் அமைந்தது. ஒரு சுற்றில் ஆறு சிறு தட்டுகள் இருக்கும். அவை மூன்று மூன்றாகச் சேர்ந்து இரண்டு பெரிய அடிகளாகும். நம் சொற்கட்டில் சொன்னால் "தகிட தகிட". திஸ்ர நடை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் திரைப்பாட்டு கேட்டுப் பழகிய காது, பழக்கத்தால் நான்கை எண்ணத் தொடங்கிவிடும். அப்படி எண்ணுபவரின் கைத்தட்டல் மூன்றாவது சுற்றுக்குள் தடம் மாறிவிடும். பெரிய அரங்கில் அது யாருக்கும் கேட்காது, இருபது பேர் உள்ள முற்றத்தில் எல்லோருக்கும் கேட்கும்.

பழகும் முறை எளியது. தானியேல் வாரோ, ஃபிர்மேன் விரி, கிரான்மூன் லேலே, கிறிஸ்டின் சலேம் ஆகியோரின் ஒலிப்பதிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பாட்டை விட்டுவிட்டு, சலசலவென்று இடைவிடாமல் ஒலிக்கும் கயாம்ப் என்னும் விதைப்பெட்டியை மட்டும் கேளுங்கள். ஆறு தட்டுகளையும் நிரப்பிக்கொண்டிருப்பது அதுதான். இரண்டாம் நாள் ஆழமாக ஒலிக்கும் ருலேர் என்னும் பெரிய முழவைக் கேளுங்கள். மூன்றாம் நாள் வாயால் "தகிட தகிட" சொல்லி, ஒவ்வொரு 'த'வுக்கும் தொடையில் தட்டுங்கள். பாட்டு முடியும்வரை தட்டு நழுவாமல் இருந்தால் காது தயார். அதற்குப் பிறகே சொற்களைக் கவனியுங்கள்.

சொற்கள் பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவுமொழியான கிரெயோலில் இருக்கும். முழுப்பாட்டையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். முன்பாட்டு மாறிக்கொண்டே போகும், பாடுபவர் அங்கேயே புது அடிகளைக் கட்டுவதும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் பின்பாட்டு வரி மட்டுமே உங்கள் பங்கு.

4. வாத்தியங்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்

எதை எங்கிருந்து கேட்பது, எதன் மேல் கை வைக்கக் கூடாது என்ற இரண்டுக்காகவும் இந்த அறிவு வேண்டும்.

ருலேர் என்பது மரப்பீப்பாயின் ஒரு வாயில் மாட்டுத்தோல் போர்த்திய பெரிய முழவு. வாசிப்பவர் அதைப் படுக்கவைத்து, அதன் மேல் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, இரு கைகளாலும் அடிப்பார். ஆள் இல்லாதபோது அது வெறும் பீப்பாய் போலத் தெரிவதால், புதியவர்கள் அதை இருக்கையாகவோ தட்டு வைக்கும் பலகையாகவோ பயன்படுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கயாம்ப் என்பது கரும்புப் பூந்தண்டுகளை வரிசையாகக் கட்டித் தட்டையான பெட்டியாக்கி, உள்ளே கல்வாழை விதை போன்ற கடினமான விதைகளை இட்டுச் செய்யப்படுவது. தண்டு மெலிது, அழுத்திப் பிடித்தால் உடையும்.

பிக்கேர் என்பது இரு குச்சிகளால் தட்டப்படும் மூங்கில் துண்டு. சாட்டி என்பது அதேபோல் குச்சிகளால் அடிக்கப்படும் தகரம். பொப் என்பது ஒற்றை நரம்புள்ள வில்லில் சுரைக்குடுக்கை கட்டியது. இதன் ஒலி மிக மெல்லியது. ஒரு கபாரில் பொப் வாசிப்பவர் இருந்தால் அவருக்கு அருகே இடம் பிடியுங்கள். ஐந்தடி தள்ளி நின்றால் ருலேர் அதை மூடிவிடும்.

மல்பார் எனப்படும் தமிழ் வழிவந்த குடும்பங்களின் முற்றங்களில் தீயில் காய்ச்சிய தப்பும் சில நேரம் ஒலிக்கும். அதை இங்கே 'தாப்பு' என்று சொல்லக் கேட்கலாம்.

5. நாளையும் விரதத்தையும் பாருங்கள்

கோயில்களில் தீமிதிக்கு முன் 18 நாள் விரதம் இருக்கும் வழக்கம் இங்கே உறுதியாக உள்ளது. அந்த விரதத்தைக் கரேம் என்பார்கள். டிசம்பர் இறுதியிலும் சனவரியிலும் தீமிதி நடக்கும் ஊர்களில், டிசம்பர் 20ஐ ஒட்டிய கபார்கள் விரத நாட்களுக்குள் வந்துவிடும்.

நீங்களோ உங்களை அழைத்தவரோ கரேமில் இருந்தால், இறைச்சியும் மதுவும் உள்ள முற்றத்துக்குப் போகலாமா என்பதை அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அங்கே போய்த் தட்டை மறுப்பதைவிட முன்பே சொல்லிவிடுவது நல்லது. சைவ உணவு மட்டும் உண்பவர்களும் இதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சோறும் பருப்பு வகைகளும் ருகாய் என்னும் காரமான தொடுகறியும் எப்படியும் இருக்கும், ஆனால் கறி பெரும்பாலும் இறைச்சியில்தான் இருக்கும். ஆட்டிறைச்சியில் செய்யும் கப்ரி மசாலே இங்கு விருந்தின் அடையாளம்.

6. பயணமும் உடையும்

இரவில் திரும்பப் பேருந்து கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சேன் பியேர், சேன் லூயி, சேன் அந்த்ரே போன்ற ஊர்களிலும் முற்றங்கள் முதன்மைச் சாலையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குள் தள்ளியே இருக்கும். திரும்பி வர யார் வண்டி ஓட்டுவது என்பதை மாலையிலேயே முடிவு செய்யுங்கள். ஊறவைத்த ரம் கோப்பை ஒன்று எல்லோர் கைக்கும் வரும். வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதே இங்குள்ள வரம்பு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு அது 0.2 கிராம்தான். ஆகவே ஓட்டுபவர் தொடாமலிருப்பதே சரி.

உடை எளிமையாக இருக்கட்டும். பட்டுப்புடவையோடு வந்த ஒரு பெண்மணி இரவு முழுவதும் மண்தரையில் அமர முடியாமல் நின்றுகொண்டே இருந்தார். கடற்கரை ஊர்களில் பருத்தியாடை போதும். ஆனால் லா பிளேன் தே காஃப்ர் போல ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள இடங்களில், சூன் முதல் ஆகஸ்ட் வரை இரவுக் குளிர் எலும்பைத் தொடும். அங்கே கம்பளிச் சட்டை இல்லாமல் போனால் பாட்டில் மனம் நிற்காது.

கொசு விரட்டும் களிம்பைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். 2005-06இலும் 2025இலும் சிக்குன்குனியா பரவிய தீவு இது. திறந்த முற்றத்தில் ஐந்தாறு மணி நேரம் இருக்கப் போகிறீர்கள். தண்ணீர்ப் புட்டி, சிறு தொகையாக யூரோ பணம், வீட்டுக்காரருக்குக் கொடுக்கப் பழமோ பலகாரமோ ஆகியவை இருந்தால் போதும்.

7. வந்தவுடன் எல்லோருக்கும் வணக்கம் சொல்லுங்கள்

குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் வரலாம். ஆனால் அந்த நேரத்தில் பாட்டுத் தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏழு மணி என்று சொன்ன இடத்தில் ஒன்பது மணிக்கு ருலேர் ஒலித்தால் அது வழக்கம்தான். எட்டரைக்கே பொறுமை இழந்து கிளம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் வீணான காத்திருப்பு அன்று. முகங்கள் பழகுவதும், அடுப்படிக்கு விறகு எடுத்துக் கொடுப்பதும், வாத்தியங்களைச் சரிபார்ப்பதைப் பார்ப்பதும் அப்போதுதான் நடக்கும்.

முற்றத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 'போன்சுவார்' சொல்லுங்கள். தெரிந்தவரிடம் மட்டும் பேசிவிட்டு ஓர் ஓரத்தில் போய் நிற்பது இங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படும். மூத்தவர்களைக் கிரான்மூன் என்று மதிப்போடு குறிப்பிடுவார்கள், அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். "கொமான் இ லே?" என்று யாராவது நலம் கேட்டால் "லே லா" என்பது போதுமான பதில். கிரெயோலில் நம் 'நீங்கள்' போன்ற இடத்தில் 'ஊ' வரும், 'துவே' என்பது நெருக்கமானவரிடமோ கோபத்திலோ வருவது. அரைகுறையாகக் கற்றவர்கள் பெரியவரிடம் துவே சொல்லிவிடுகிறார்கள். ஐயம் இருந்தால் ஊ.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். எதிரே நிற்பவரின் குடும்பப்பெயர் நம் ஊர்ப் பெயராக இருக்கும், நெற்றியில் திருநீறும் இருக்கலாம். உடனே தமிழில் பேசி, அவருக்குப் பதில் வராதபோது முகத்தில் வியப்பைக் காட்டாதீர்கள். மல்பார் மக்களில் மிகப் பலருக்கு வீட்டுமொழி கிரெயோல். அதேபோல், தப்பின் ஒலி கேட்டதும் "இது எங்கள் இசை" என்று தொடங்குவதும் வேண்டாம். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா என்று பல கரைகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் முற்றம் அது. அவர்களாகவே பேச்சை அந்தப் பக்கம் கொண்டுவந்தால், அப்போது நமக்குத் தெரிந்ததை மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொள்ளலாம்.

8. முதல் ஒரு மணி நேரம் காது மட்டும்

வாத்தியக்காரர்கள் அரைவட்டமாக அமர்வார்கள், மற்றவர்கள் எதிரே வட்டத்தை நிறைவு செய்வார்கள். வட்டத்தின் நடுவிடம் ஆடுபவர்களுக்கு உரியது. அதைக் குறுக்கே கடக்காமல் வெளிப்புறமாகச் சுற்றி வாருங்கள். முதல் வரிசையில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இடம் விட்டு இரண்டாம் வரிசையில் நில்லுங்கள். அங்கிருந்து ருலேர் வாசிப்பவரின் கைகள் தெரிய வேண்டும்.

முதல் சில பாட்டுகளில் எதுவும் செய்ய வேண்டாம். கைத்தட்டலும் வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம் சற்றே மாறும். முன்பாட்டுக்காரர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், பின்பாட்டு எந்த அடியில் ஏறுகிறது, பாட்டை முடிக்கும்போது யார் யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். முடிவு பெரும்பாலும் ஒரு கண்சாடையில் வரும். அதைக் கவனிக்காதவரின் குரலோ தட்டலோ மட்டும் பாட்டு நின்ற பிறகும் தனியே தொங்கும்.

பாட்டு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்காதீர்கள். அவர் பின்பாட்டு பாட வேண்டியவர். இடைவேளையில் கேட்டால் ஆர்வத்தோடு சொல்வார்.

9. பிறகு வாய்

ஒரு பின்பாட்டு வரி மூன்று நான்கு முறை திரும்பியதும் அது நாக்கில் வந்துவிடும். முதலில் மெல்லப் பாடுங்கள். சொல் தெளிவாகப் பிடிபடாவிட்டால் உயிரொலியை மட்டும் சுருதியோடு சேர்த்துப் பாடினாலும் தவறில்லை. சொல் தெரியாமல் சத்தமாகப் பாடுவதே தவறு, ஏனெனில் பக்கத்தில் நிற்பவருக்கும் வரி குழம்பும்.

முன்பாட்டுக்காரரின் அடியை அவரோடு சேர்ந்து பாடக் கூடாது. அவர் விட்ட பிறகே எடுக்க வேண்டும். நம் கூத்தில் பின்பாட்டுக்காரர் எப்படிக் காத்திருந்து எடுப்பாரோ அதே ஒழுங்குதான். சங்கீதம் கற்றவர்கள் இந்த இடத்தில் கமகம் சேர்க்கவும் மேல்சுரத்தில் தனி வழி போகவும் ஆசைப்படுவார்கள். பல குரல் ஒரே கோட்டில் விழும்போது எழும் வலிமையே பின்பாட்டின் உயிர், அதனால் அலங்காரத்தை ஒதுக்கிவையுங்கள்.

10. கையும் காலும்

பின்பாட்டு உறுதியான பிறகு கை. பெரிய அடிகள் இரண்டில் மட்டும் தட்டுங்கள், ஆறையும் தட்ட வேண்டாம். அது கயாம்பின் வேலை. சுற்றியுள்ளவர்கள் தட்டாத பாட்டில் நீங்களும் தட்டாதீர்கள்.

கயாம்பை எடுத்துப் பார்க்கும் ஆசை புதியவர் எல்லோருக்கும் வரும். பார்க்க எளிதாகத் தோன்றுவதும் அதுதான். ஆனால் கூட்டத்துக்குக் காலப்பிரமாணம் கொடுப்பது அந்தப் பெட்டியே. அது தடுமாறினால் ருலேரும் பாடுபவரும் சேர்ந்து தடுமாறுவார்கள். பாட்டு நடக்கும்போது ஒருபோதும் கேட்காதீர்கள். உணவு நேரத்தில், வாசித்தவரிடமே கேளுங்கள். கொடுத்தால் இரு கைகளாலும் கிடைமட்டமாகப் பிடித்து, தோளைத் தளர்த்தி, "தகிட தகிட" சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் அசையுங்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் சில நிமிடங்களில் கை வலித்து வேகம் இறங்கிவிடும்.

நடுவட்டத்தில் ஆடப் போவது கடைசிப் படி. யாராவது எதிரே வந்து கண்ணால் அழைத்தால் போகலாம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் தொடாமல், பாதத்தை அதிகம் தூக்காமல் தரையோடு வைத்து ஆடுவார்கள். இருவர் ஆடும்போது மூன்றாமவராக நுழையாதீர்கள். ஒரு பாட்டுக்கு மேல் நடுவில் நிற்கவும் வேண்டாம், காத்திருப்பவர்கள் இருப்பார்கள். அழைப்பு வராவிட்டால் குறையில்லை. வட்டத்தில் நின்று பாடுபவரும் முழுப்பங்கு எடுத்தவரே.

11. கைப்பேசியைப் பையில் வையுங்கள்

படம் எடுக்க வேண்டுமானால், தொடங்கும் முன்பே வீட்டுக்காரரிடமும் பாடுபவரிடமும் கேளுங்கள். சரி என்றால் ஒரு பாட்டை மட்டும், விளக்கொளி இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். முற்றம் என்பது ஒருவரின் வீடு. அங்கே குடித்திருப்பவர், அழுபவர், உறங்கும் குழந்தை எல்லோரும் இருப்பார்கள். 1981க்கு முன் மலோயா அதிகாரிகளின் கெடுபிடிக்கு உள்ளாகியிருந்த காலத்தை நேரில் கண்ட மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பின்னும், முகம் தெரியாதவர் கருவியை நீட்டுவது அவர்களில் சிலருக்கு இதமாக இருப்பதில்லை.

செர்விஸ் கபாரேக்கு அழைக்கப்பட்டிருந்தால் இந்தப் படியே தேவையில்லை. அங்கே கைப்பேசியை எடுக்கவே வேண்டாம்.

12. கிளம்பும் முறை

பாட்டின் நடுவில் கிளம்பாதீர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது எழும் முன் வீட்டுக்காரரைத் தேடிச் சென்று 'மெர்சி' சொல்லுங்கள், அடுப்படியில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். தொப்பியோ பெட்டியோ சுற்றி வந்தால் அதில் பணம் இடுங்கள். வராவிட்டால் பாடியவர் கையில் நேராகப் பணம் திணிக்காமல், உங்களை அழைத்தவரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள்.

தட்டுகளையும் நாற்காலிகளையும் எடுத்துவைக்க இரண்டு கை கொடுங்கள். நள்ளிரவுக்குப் பின் அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. மறுநாள் உங்களை அழைத்தவருக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லும்போது, உங்களுக்குப் பிடித்த பின்பாட்டு வரியைச் சொல்லி, அதன் சொற்களைக் கேட்டு ஒரு தாளில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கபாரில் அந்தப் பாட்டு எழும்போது இரண்டாம் சுற்றிலேயே உங்களால் சேர்ந்து பாட முடியும்.